என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை

போன மாதம் எங்கள் மாவட்டத்து மருந்தாளுநர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேச என்னையும் அழைத்திருந்தார்கள். வேலையை விட்டு இத்தனை வருடம் கழித்தும் ஞாபகம் வைத்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், இப்ப லேபிளெல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துருது. கையில ஒரு நோட்டீஸும் குடுத்துடுறோம். ஒண்ணுமே இல்லாத அந்தக் காலத்துல சர்க்கரை நோயாளிகளுக்கு நீங்க எப்படி விளக்கம் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். நானே வண்ணம் தீட்டிய அட்டை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மாத்திரை உறையில் வரைந்த சூரியன், நிலா, விரல்விட்டு எண்ணிக் காட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். கை தட்டினார்கள். மார்க்கையன்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. நான் எப்படியெல்லாம் பேசினேன் என்பதை மட்டும்தான் சொல்லியிருந்தேன். நான் அவ்வளவு விளக்கியும் ஒரு மனிதருடைய உடம்பு என் கண் முன்னால் கெட்டுப்போனதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு உபயோகப்படக்கூடிய பதில் அதுதான். ஆகவே இதை எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் இன்று உயிரோடு இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

மதுரையில் மருந்தாளுநர் படிப்பை முடித்து நான் ஊர் திரும்பியது எழுபதுகளின் தொடக்கத்தில். படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வருடம் லத்தீன் சுருக்கெழுத்துகளை மனப்பாடம் செய்தேன், களிம்பு அரைத்தேன், ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பின்னால் நின்று கலவை மருந்து ஊற்றினேன். அப்பாவுக்கு நெல் விவசாயம். பெண்பிள்ளை மருந்துக்கடையில் நிற்பதா என்று சொந்தத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். தேனி பஜாரில் ஒரு பழைய மருந்துக்கடைக்குப் படித்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அப்பாவே என்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

கடை முதலாளி தேவதாஸ் சார். தலைமுறை தலைமுறையாகத் தேனியில் வியாபாரம் செய்த புராட்டஸ்டன்ட் குடும்பம். அவரும் மருந்தாளுநர். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைச் சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். டாக்டர் சீட்டை இரண்டு கையாலும் வாங்குவார். ஒரு தரம் படித்துவிட்டு, பெயரைப் பார்த்து, எதிரில் நிற்பவரைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து படிப்பார். எழுத்து விளங்கவில்லை என்றால் ஊகிக்க மாட்டார். டாக்டர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். மாத்திரையைக் கண்ணாடித் தட்டில் கொட்டி, எலும்புக் கரண்டியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார். எண்ணியதைத் திரும்பக் கொட்டி இன்னொரு தரம் எண்ணுவார். காகித உறையில் முதலில் பெயர், அடுத்து எண்ணிக்கை, அதற்கடுத்து வேளை. மேசையில் வைக்க மாட்டார், வாங்குகிறவர் கையிலேயே வைப்பார். வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்:

"கவர்ல எழுதிருக்கு."

அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஏன் சார் என்று ஒரு தடவை கேட்டேன். "டாக்டர் அங்கன ஒண்ணு சொல்லி அனுப்பிருப்பாக. நாம இங்கன இன்னொண்ணு சொன்னா, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிருவாக. நம்ம வேல சீட்டுல உள்ளது தப்பாமப் போய்ச் சேர்றதுதான் வனஜாம்மா" என்றார்.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. மருந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா அனுப்ப மனசு வராது. எப்போது போட வேண்டும், எதோடு போடக்கூடாது, தலை சுற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று அடுக்குவேன். சார் தடுக்கவில்லை. பெண்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "அந்த மருந்தம்மா இருக்காகளா?" என்று படியில் நின்றே கேட்பார்கள். நான்கைந்து வருடத்தில், தேனியில் விவரமாகச் சொல்லிக் கொடுப்பது நான் ஒருத்திதான் என்று எனக்குள் ஒரு பெருமை வளர்ந்திருந்தது. அதை ஒப்புக்கொண்டுதான் மேற்கொண்டு எழுத வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு இப்போது விரல் நுனியில் குத்தினால் எண் வந்துவிடுகிறது. அப்போது ரத்தத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் மதுரைக்குப் போக வேண்டும். வீட்டில் அன்றாடம் பார்க்கச் சிறுநீர் ஒன்றுதான் வழி. பெனடிக்ட் திரவம் என்று ஒரு நீல மருந்து. அதைக் கடையின் பின்னறையில் நானே தயாரிப்பேன். சோடியம் சிட்ரேட்டையும் சோடியம் கார்பனேட்டையும் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, தனியாகக் கரைத்து வைத்த மயில் துத்தத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் கலங்கிவிடும். திராட்சைத் தோட்டக்காரர்கள் பார்த்துவிட்டு, "கொடிக்கு அடிக்கிற துத்தந்தானம்மா இது?" என்று சிரிப்பார்கள். ஒவ்வொரு முறை தயாரித்ததும் கொஞ்சம் எடுத்துத் தனியே கொதிக்க வைத்துப் பார்ப்பேன், நீலம் மாறக்கூடாது. இன்னொரு குழாயில் குளுக்கோஸ் போட்டுக் கொதிக்க வைப்பேன், செங்கல் நிறம் வர வேண்டும். இரண்டும் சரியாக வந்தால்தான் சார் புட்டியில் அடைக்க விடுவார்.

நோயாளி செய்ய வேண்டியது இதுதான். சோதனைக் குழாயில் ஒரு ஸ்பூன் திரவம், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் இரண்டு நிமிடம் கொதி. ஆறிய பிறகு நிறம் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் லேசாக இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் என்று ஏற ஏறச் சர்க்கரையும் ஏறுகிறது. வாட்டர் கலர் வாங்கி ஐந்து கட்டம் தீட்டி ஒரு அட்டை செய்தேன். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பதினைந்து அட்டைகள். குழாய் வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுப்பேன். கட்டத்தின் கீழே நிறத்தின் பெயரை எழுதவில்லை. படிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாமே என்று நினைத்தேன்.

கதிரேசன் என்று போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி. ஐம்பது வயதிருக்கும். மலையிலிருந்து வரும் காயை வாங்கித் தரம் பிரித்து விற்பவர். உள்ளூரில் நோய் தெரியக்கூடாது என்று தேனி டாக்டரிடம் வந்து, எங்கள் கடையில் மருந்து வாங்கினார். டாக்டர் மாத்திரை எழுதி, தினம் காலையில் நீர் பார்த்து நோட்டில் குறிக்கச் சொல்லியிருந்தார். நீலம், பச்சை வரைக்கும் அதே மாத்திரை. மஞ்சளோ அதற்கு மேலோ மூன்று நாள் தொடர்ந்தால் உடனே வர வேண்டும்.

நான் அவருக்கு விளக்கினேன். ஒரு இளம்பெண், நாலு பேர் நிற்கிற கடையில், தன் சிறுநீரைப் பற்றிப் பேசுவதைக் கேட்க அவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. தலையை நிமிர்த்தவே இல்லை. மேல்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே நின்றார். எனக்குக் கூச்சம் எப்போதோ போய்விட்டிருந்ததால், அவர் கூச்சத்தைக் கவனிக்காதது போல முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"புரிஞ்சுதாங்கய்யா?"

"புரிஞ்சுது தாயி. எல்லாம் புரிஞ்சுது."

அட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். மாதம் ஒரு தடவை வருவார். நோட்டைக் கேட்டால் நீட்டுவார். அழகான கையெழுத்து. தொடக்கத்தில் சில நாள் நீலம், அப்புறம் பச்சை, பச்சை, பச்சை. "ரொம்ப நல்லா இருக்குங்கய்யா, இப்படியே விடாமப் பாருங்க" என்று சொல்லி அனுப்புவேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் அப்படி அனுப்பினேன். அந்த வருடத்தில் அவர் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்ததை நானும் பார்த்தேன். மாத்திரையும் பத்தியமும் சேர்ந்து உடம்பை இறக்குகின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் முற்பகல், கடையில் கூட்டமாக இருந்த நேரம், அவர் மனைவியோடு வந்தார். ஒரு காலில் துணிக்கட்டு. செருப்பு வார் கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லையாம். டாக்டர் மதுரைக்கு அனுப்பி ரத்தம் பார்த்ததில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்திருக்கிறது. நோட்டைப் புரட்டிய டாக்டர், "ஒண்ணு இந்த நோட்டு பொய், இல்ல மருந்துக்கடைத் தண்ணி பொய்" என்று சொல்லியிருக்கிறார். கதிரேசன் கைப்பையிலிருந்து எங்கள் நீலப் புட்டியை எடுத்து மேசை மேல் டொக்கென்று வைத்தார். ஒரு வருடமாகத் தலை நிமிராத மனிதர் அன்று என் முகத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"நீங்க குடுத்த தண்ணிய நம்பித்தான தாயி நான் சும்மா இருந்தேன்? துத்தத்தக் கரச்சு ஊத்திக் குடுத்துட்டு, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லிட்டீகளே! எங் காலப் பாருங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. என் கையால் தயாரித்த திரவம். எனக்குக் காது மடல் சுட்டது. சார் புட்டியை எடுத்து மூடியை, லேபிளை, தேதியைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் அங்கேயே, மேசை மேல், எல்லோரும் பார்க்க ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தேன். அவர் கொண்டு வந்த புட்டியிலிருந்தே இரண்டு குழாயில் ஊற்றினேன். ஒன்றில் ஒன்றும் சேர்க்கவில்லை. மற்றதில் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை குளுக்கோஸ். இரண்டையும் மரக்கவ்வியில் பிடித்துக் கொதிக்க வைத்தேன். முதலாவது நீலமாகவே நின்றது. இரண்டாவது நுரைத்து, பச்சையாகி, மஞ்சளாகி, நான் எதிர்பார்த்தபடியே செங்கல் பொடியைக் கரைத்தது போல அடர்ந்து வந்தது. என் மருந்தில் குறையில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். குழாயை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"நீங்களே சொல்லுங்கய்யா. இது என்ன நெறம்?"

அவர் குழாயைப் பார்த்தார். வெகுநேரம் பார்ப்பது போலிருந்தது. பக்கத்தில், இருமல் மருந்துக்கு நின்ற ஒருவர், போடி ஏலக்காய் மார்க்கெட்டில் தரகு பார்ப்பவர், எட்டிப் பார்த்தார். கதிரேசனின் மேலுதட்டில் வேர்வை பூத்தது.

"பச்சதான்" என்றார். "பச்சையாத்தான இருக்கு?"

தரகர் சிரித்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, இதப் போயி..." என்று தொடங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் தேவதாஸ் சார் என் கையிலிருந்த குழாயை வாங்கினார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்த டியூப் லைட்ட மாத்தணும் வனஜாம்மா. நான் நிக்கிற எடத்துலருந்து பாத்தா எனக்கும் பச்சையாத்தான் தெரியுது. அண்ணாச்சி, உள்ள வாங்க, ஜன்னல் வெளிச்சத்துல பாப்பம். ஆத்தா, நீங்களும் வாங்க."

விற்கும் மருந்தின் பெயரைக்கூட ஒரு எழுத்து மாற்றிச் சொல்லாத மனிதர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். தரகர் தன் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பின்னறையில் உரலும் தராசும் இருந்த மேசைக்குப் பக்கத்தில் கதிரேசனை உட்கார வைத்தோம். அவர் மனைவி பேச்சியம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். சார் குழாயை அவரிடம் நீட்டி, "இது என்ன நெறம் ஆத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"செங்கக் கட்டி நெறம். சூளைல வெந்த செங்கல்லு" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். "இதத்தான் தெனம் கொல்லையில போயிப் பாத்துக்கிட்டு இருந்தீகளா?"

கதிரேசன் முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சின்ன வயதிலிருந்தே அவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. ஏலக்காய் வியாபாரத்தில் விலை நிற்பதே பச்சையில்தான். எந்தக் காய் நல்ல பச்சை, எது வெளுத்தது, எது பழுத்தது என்று ஒரு பார்வையில் சொல்லத் தெரியாதவனுக்கு மார்க்கெட்டில் இடமில்லை. அவர் பருமனையும் எடையையும் வாசனையையும் வைத்துச் சமாளித்தார். நிறத்துக்கு மட்டும், சாம்பிளை மடியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டுவார். பேச்சியம்மாள் பிரித்துச் சொல்வதைக் கேட்டு வந்து விலை பேசுவார். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். அவர் தம்பிக்குக்கூடத் தெரியாது.

"காய இருபது வருசமா எங் கண்ணுலதான பாத்தீக?" என்று கேட்டார் பேச்சியம்மாள். கோபத்தைவிட ஆற்றாமைதான் அந்தக் குரலில் இருந்தது. "இத மட்டும் எதுக்கு எங்கிட்ட ஒளிச்சீக?"

"ஒண்ணுக்குத் தண்ணிய ஒங் கையில குடுத்து நெறம் பாருன்னு எப்படிடி சொல்லுவேன்?"

"ரெண்டு பிள்ளைக பீ மூத்திரம் அள்ளுன கைதான இது?"

கதிரேசன் என்னைப் பார்த்தார். "நீலம் இல்லைங்கிறது எனக்குத் தெரிஞ்சுது தாயி. மத்தது எதுன்னு தெரியல. அட்டைய வச்சுப் பாத்தேன், அதுல நாலு கட்டமும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்துச்சு. பச்சைன்னு எழுதுனா நீங்களும் நல்லா இருக்குன்னு சொன்னீக." பிறகு, என் அப்பா வயதுக்காரர், கையைக் குவித்தார். "வெளிய தெரிஞ்சா எங் கையில எவனும் காயக் குடுக்க மாட்டான்."

"மருந்துக்கடைல கேட்டது மருந்துக்கடையோட" என்றார் சார். "ஆனா டாக்டர்கிட்ட மறைக்க முடியாது. நானே கூட வர்றேன். நீங்க சரின்னு சொன்னா மட்டும் சொல்றேன்."

கதிரேசன் தலையசைத்தார். போவதற்கு முன் அவருடைய நீரை அங்கேயே சோதித்தோம். நான் செய்யவில்லை. பேச்சியம்மாளைச் செய்ய வைத்தேன். எட்டுச் சொட்டை அவர் வாய்விட்டு எண்ணினார். ஆறிய குழாயைப் பிடித்து, "அதே செங்கல்லுதான்" என்றார். கதிரேசன் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் தினமும் கையில் பிடித்துப் பார்த்ததன் பெயரை அன்றுதான் அவர் கேட்டார்.

தேவதாஸ் சார் வியாபார நேரத்தில் கடையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. அன்று இறங்கி, நொண்டி நடந்த கதிரேசனுக்கு ஈடாக மெதுவாக நடந்து, டாக்டரிடம் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து மாத்திரை எண்ண ஆரம்பித்தார். சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகுதான் பேசினார்.

"என்ன நெறம்னு நீங்க கேட்ட கேள்வி சரி வனஜாம்மா. அத ஒரு வருசத்துக்கு முன்னாடி, உள்ள உக்கார வச்சுக் கேட்டுருக்கணும்."

நான் அழுதுவிட்டேன். அவர் சிறிது நேரம் கண்ணாடித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது பேசுனீக. நான் அதுவும் செய்யல" என்றார்.

கதிரேசனுக்குப் புண்ணிருந்த கால்விரல் கறுத்துவிட்டது. மதுரையில் எடுத்துவிட்டார்கள். டாக்டர் மாத்திரையை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார். ஊசி போடப் பேச்சியம்மாளே கற்றுக்கொண்டார். நிறம் பார்த்துக் குறிக்க எழுத்துத் தெரியாதே என்றார். பச்சைக்கு ஒரு புள்ளி, மஞ்சளுக்கு இரண்டு, ஆரஞ்சுக்கு மூன்று, செங்கலுக்கு நாலு என்று ஏற்பாடு செய்தோம். "கோலம் போடுற கைக்குப் புள்ளி வைக்கத் தெரியாதா?" என்று சிரித்தார். புள்ளியைக் கதிரேசனாலும் எண்ண முடிந்தது. அடுத்த முறை வந்தபோது பேச்சியம்மாள் என் அட்டையைக் கொண்டுவந்து, "தாயி, நீ தீட்டுன பச்ச சரியில்ல. இது முருங்கை எலப் பச்ச. கொழாயில வர்றது வாடுன காய்ப் பச்ச. மாத்து" என்றார். குழாயை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. எல்லா அட்டைகளையும் திருப்பி வாங்கி மறுபடி தீட்டினேன்.

அதற்காகத் திருப்பி வாங்கியபோதுதான், ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு, "நான் சொன்னத எப்படிச் செய்றீகன்னு எனக்குக் காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் வாரமே எனக்குத் தூக்கம் கெட்டது. உத்தமபாளையத்திலிருந்து வரும் ஒரு ராவுத்தர், ஓய்வுபெற்ற குமாஸ்தா, எல்லாவற்றையும் கணக்காகச் செய்தார். ஆனால் காலையில் பிடித்த நீரைச் சாயங்காலம் நிதானமாகச் சோதித்தார். வைத்திருந்த நீரில் சர்க்கரை குறைந்துவிடும். வீரபாண்டியிலிருந்து வரும் ஒரு அம்மாவிடம், காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போட வேண்டும் என்று குறைந்தது பத்துத் தடவை சொல்லியிருப்பேன். அவர் உறையில் மாத்திரை அப்படியே இருந்தது.

"ஏன் ஆத்தா போடல?"

"சாப்பாட்டுக்கு முன்னாடின்னுதான சொன்ன? காலையிலயும் ராத்திரியும் நான் கூழுதான் குடிக்கிறேன். கூழு குடிக்கிறது சாப்பாடா?"

அவர் என் சொல்லை மீறவில்லை. சொன்னபடியே செய்திருந்தார். அன்றிலிருந்து "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு இந்தச் சீமையில் ஒரே பதில்தான் உண்டு. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகும், எனக்கும் அடுத்த ஆள் நிற்பார். அதற்குப் பதிலாக, ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள், யார் சமைக்கிறார்கள், மாத்திரையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கடைக்கு வருகிறவரும் வீட்டில் மருந்தைக் கொடுக்கிற கையும் வேறு வேறு என்றால், அந்தக் கையை அடுத்த முறை கூட்டிவரச் சொன்னேன். நேரம் பிடித்தது. வரிசை நீண்டது. சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். ஒரு திங்கட்கிழமை நான் வந்தபோது, பின்னறையில் நோயாளி உட்கார ஒரு நாற்காலியும் கூட வருகிறவருக்கு ஒரு பெஞ்சும் கிடந்தன. சார் தச்சனிடம் சொல்லிச் செய்திருந்தார். உறையைக் கையில் வைத்து, "எங்க, எப்பப் போடுவீக, சொல்லுங்க" என்று அவரும் கேட்க ஆரம்பித்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுக்கொள்வார்.

கதிரேசன் அதன்பிறகும் பல வருடம் வியாபாரம் செய்தார். விஷயம் வெளியே போகவில்லை. அகலமாக வெட்டித் தைத்த செருப்பு போட்டுக்கொண்டு, மனைவியோடு மாதம் தவறாமல் வருவார். என்னிடம் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

வீரபாண்டித் திருவிழா நேரம் ஒன்றில், கோவிலுக்கு வந்த இருவரும் அப்படியே கடைக்கும் வந்தார்கள். பேச்சியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கதிரேசன் மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கிளம்பாமல் நின்றார்.

"தாயி, நீங்க என்னையப் பாக்குறப்பெல்லாம் எங் கால ஒரு பார்வ பாத்துட்டுத்தான் மூஞ்சியப் பாக்குறீக. நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் மேசை மேல் கிடந்த உறைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"மனசுல வச்சுக்கிறாதீக. மொத நாளே என்ன நெறம்னு நீங்க கேட்டுருந்தாலும் நான் உண்மையச் சொல்லிருக்க மாட்டேன். எங் கூடப் பொறந்தவனுக்கே சொல்லாதவன். ஒங்ககிட்டயா சொல்லிருப்பேன்?"

என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். அதை வாங்கிக்கொண்டு சிரித்திருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். என்னால் முடியவில்லை.

"சொல்லிருக்க மாட்டீகய்யா" என்றேன். "ஆனா கொழாயக் கையில குடுத்து நான் பக்கத்துல நின்னுருந்தா, நீங்க தடுமாறுறத நான் பாத்துருப்பேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். மறுத்துச் சொல்ல ஏதோ தேடியது போலிருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆமா" என்றார். "பாத்துருப்பீக."